பாலம் தாண்டிய பிறகு பேசலாம்

சினிமாவைப் பற்றிப் பேச எனக்கும் என் சிநேகிதிக்கும் ஒரு சட்டம் உண்டு. திருநெல்வேலி ஜங்ஷனில் படம் பார்த்துவிட்டு வெளியே வந்தால், ஆற்றுப்பாலத்தை நடந்தே தாண்டி கொக்கிரகுளம் போய்ச் சேரும் வரை படத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது. வேறு எதைப் பற்றியும் பேசக் கூடாது. எதைத் தொட்டாலும் அரை நிமிடத்தில் நாங்கள் படத்துக்கு வந்துவிடுவோம் என்பதால் அப்படி.

சட்டம் பயத்தில் பிறந்தது. பாளையங்கோட்டையில் பெண்கள் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு மத்தியானம் வகுப்பை மட்டம் போட்டுவிட்டுப் படத்துக்குப் போனோம். திரும்புகிற பஸ்ஸில், இடைவேளைக்குப் பிறகு கதை ஏன் படுத்துவிட்டது என்று நான் கத்திக்கொண்டே வந்தேன். பின் சீட்டில் என் சித்தப்பா உட்கார்ந்திருந்தார். எங்களுடையது கட்டுப்பாடான சைவ வீடு. அப்பா ஒரு மாதம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவள் வீடு மேலப்பாளையத்தில். அவளுடைய வாப்பாவுக்குத் தகவல் போயிருந்தால் படிப்பே நின்றிருக்கும். அவள் யார் வீட்டுப் பெண் என்று சித்தப்பாவுக்குத் தெரியாததால் தப்பித்தாள். சித்தப்பாவுக்கு ஜங்ஷனில் பாத்திரக்கடை. கடைக்கு வந்து போகிற அவருடைய ஆட்களும் ஆற்றுக்கு அந்தப் பக்கம்தான். ஆகவே ஆற்றைத் தாண்டும் வரை வாயைத் திறப்பதில்லை என்று அவள்தான் சட்டம் போட்டாள்.

"ஒன் வாயிக்கு ஒரு ஆறாவது குறுக்க கெடக்கணும்ளா" என்றாள்.

சித்தப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். பாத்திரக்கடை இருந்த இடத்தில் செல்போன் உறை விற்கிறார்கள். அவளுக்குக் கல்யாணமாகி, புருஷன் துபாய் போய்த் திரும்பி வந்து மேலப்பாளையத்திலேயே கடை போட்டு, பிள்ளைகளுக்கும் நிக்காஹ் முடித்துவிட்டார்கள். நான் கொக்கிரகுளத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் கோப்பைத் தள்ளித் தள்ளி, ஓய்வு பெறப்போகிற வயதுக்கு வந்துவிட்டேன். இனி எங்களைக் கண்டிக்க யாரும் இல்லை. ஆனாலும் சனிக்கிழமை மேட்னி முடிந்து வெளியே வந்ததும் இரண்டு பேரும் வாயைப் பூட்டிக்கொள்வோம். பேசாமல் நடந்தால் படம் உள்ளே இறங்குகிறது என்று அனுபவத்தில் கண்டிருந்தோம். காபி வடிகட்டியைத் தட்டித் தட்டிப் பார்த்தால் டிகாக்‌ஷன் கலங்கித்தான் போகும். விட்டுவிட்டால் தானாக இறங்கும்.

பாலம் முடிந்து கூப்பிடு தூரத்தில் ஒரு டீக்கடை. அங்கே பெண்கள் உட்கார இடமென்று ஒன்று கிடையாது. உட்கார்ந்து உட்கார்ந்து நாங்கள் உண்டாக்கிக்கொண்டதுதான் அந்த ஓரத்து பெஞ்சு. கடைக்கார அண்ணாச்சி எங்களைப் பார்த்ததும் "சரி, கச்சேரி ஆரம்பிக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் பாலை அடுப்பில் ஏற்றுவார். டீ வருவதற்குள்ளேயே அவள், "நான் மொதல்ல" என்பாள். இல்லை நான்தான் முதலில் என்று நான் மல்லுக்கு நிற்பேன். முக்கால்வாசி நாள் அவளே ஜெயிப்பாள்.

படம் பார்ப்பதில் அவள் என்னைவிட ஒரு படி மேல். இதை அவளிடம் நான் சொன்னதே இல்லை. ஊரே கொண்டாடிய ஒரு படம், ஏழைக் குடும்பத்துக் கதை. நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் பாலத்தைத் தாண்டினேன். அவள் டீயை ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னாள்: "அந்தம்மா ஆட்டுனது வெறும் உரலு. மாவே இல்ல. இவ்வளவு லட்சத்துல படம் எடுக்கவனுக்கு ரெண்டு பிடி அரிசி போட மனசு வரல பாத்தியா." அதற்குப் பிறகு அந்தப் படத்தை என்னால் மதிக்க முடியவில்லை. பழைய படம் என்றால் நான் கையெடுத்துக் கும்பிடுகிற ஆள். அவள் அதற்கும் விட மாட்டாள். "பழசுன்னா எல்லாம் பொன்னா? பத்து நிமிசத்துக்கு ஒருக்க ஒருத்தி புருசன் கால்ல விழுதா. பாத்துக்கிட்டிருக்க எனக்கு முட்டி வலிக்கு" என்பாள். ஒரே பழைய படத்துக்காக நாங்கள் மூன்று வாரம் சண்டை போட்டிருக்கிறோம். நாலாவது வாரம் அண்ணாச்சி, "யக்கா, புதுப்படம் ஒண்ணு பாத்துட்டு வாங்களேன், எனக்கே கத மனப்பாடமாயிட்டு" என்றார்.

இந்த நாலைந்து வருடமாக எனக்குச் சினிமா என்றாலே கோபம். ஜங்ஷனில் நாங்கள் பார்த்துப் பார்த்து வளர்ந்த தியேட்டர்களில் ஒன்று கல்யாண மண்டபமாகிவிட்டது. இன்னொன்று இடித்துப்போட்ட மனை. மிச்சமிருப்பதில் ஒன்றுக்குத்தான் போகிறோம். கதாநாயகன் வருவதற்கு முன் செருப்பைக் காட்டுகிறார்கள், பிறகு கையை, பிறகு முதுகை, பிறகு புகையை. முகம் வருவதற்குள் எனக்குக் கொட்டாவி வந்துவிடுகிறது. சுத்தியலால் மண்டையை உடைத்தால் கைதட்டுகிறார்கள். திருநெல்வேலி என்று எழுத்து விழுந்தால் அடுத்த காட்சியில் கட்டாயம் அரிவாள். யாரைப் பார்த்தாலும் ஏலே, ஏலே. பிறந்ததிலிருந்து இந்த ஊரில்தான் இருக்கிறேன், நான் அதிகமாக அரிவாளைப் பார்த்தது இளநீர்க் கடையில். எல்லாவற்றுக்கும் மேலே சத்தம். புருஷனும் பெண்சாதியும் வீட்டுக்குள் பேசும்போதுகூடப் பின்னால் லாரி ஏறுகிற மாதிரி ஓர் இரைச்சல். முன் வரிசையில் பாதிப் பேர் படத்தைப் பார்க்காமல் செல்போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்களைக் குறை சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

"சினிமா செத்துப்போச்சுட்டி" என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் சொல்லுவேன்.

முதலில் எல்லாம் அவள் சண்டைக்கு வந்தாள். "ஒன் வாயில மவுத்து தவிர வேற வார்த்தையே வராதா? அது ஒண்ணும் சாவாது. ஒனக்குத்தான் வயசாயிட்டு" என்பாள். பிறகு மெல்ல மெல்ல விட்டுவிட்டாள். "நான் மொதல்ல" என்று முந்துகிறவள், "நீ சொல்லு, நீ சொல்லு" என்று எனக்கு விட்டுக்கொடுத்தாள். நான் சொல்லி முடித்ததும், "எனக்கும் அப்படித்தான் தோணிச்சு" என்பாள். அவ்வளவுதான். டீயைக் குடிப்பாள். நான் பேசும்போது என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். நம் பேச்சுக்கு இத்தனை வயதுக்குப் பிறகு இவ்வளவு மரியாதையா என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அண்ணாச்சி ஒருநாள் என்னிடம் தனியாக, "அந்தக்கா முன்ன மாதிரி சண்ட போட மாட்டேங்காவளே" என்றார். "நல்ல படம் வந்தாத்தான சண்ட போட முடியும்? இந்தக் குப்பைக்கு என்னத்த சண்ட போட?" என்று அவரிடமும் எகிறினேன். அவர் மேற்கொண்டு ஏதோ சொல்ல வந்து, டம்ளரைக் கழுவப் போய்விட்டார்.

வேறு சிலதும் மாறியிருந்தது. போன் பண்ணினால் எடுக்க மாட்டாள். "கடையில ஆளு நிக்கி, எழுதி அனுப்புளா" என்று மெசேஜ் வரும். தியேட்டரில் எப்போதும் என் இடது பக்கம் உட்காருகிறவள், கழுத்து வலி என்று வலது பக்கத்துக்கு மாறினாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. நானும் எதையும் சேர்த்துப் பார்க்கவில்லை. என் கவனம் முழுக்கத் தமிழ் சினிமாவின் சீரழிவில் இருந்தது.

ஆறு மாதத்துக்கு முன் அவளை நான் வைததை மட்டும் சொல்லிவிடுகிறேன். மூன்று மணி நேரம் ஓடிய ஒரு புதுப்படம். கடைசிக் காட்சியில் கதாநாயகனின் தங்கை ஒரு வசனம் பேசுகிறாள். அதுவரை வந்த கதை மொத்தத்தையும் தலைகீழாக்குகிற, சுத்த அயோக்கியத்தனமான வசனம். என் பக்கத்தில் இருந்த ஒரு பெண் எழுந்தே போய்விட்டாள். டீக்கடைக்கு வந்ததும் இவள் சொல்கிறாள், "அந்தத் தங்கச்சி நல்லா செஞ்சிருக்கா." எனக்குத் தலைக்கு மேல் ஏறிவிட்டது. "ஒனக்கு மூளை மழுங்கிட்டாட்டி? அவ என்ன சொன்னான்னு காதுல விழுந்துச்சா இல்லையா? ஒங்கிட்ட பேசுததுக்கு நான் இந்தச் செவுத்துகிட்ட பேசலாம்" என்று கடை முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் அவர்கள் முகத்தை ஒரு தடவை பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். பிறகு சிரித்த முகமாக, "எனக்கும் அப்படித்தான் தோணிச்சு" என்றாள்.

கேலி பண்ணுகிறாள் என்று நினைத்து நான் அடுத்த இரண்டு சனிக்கிழமை போகவில்லை. மூன்றாவது சனிக்கிழமை காலையில் மெசேஜ் வந்தது. "பழைய படம் ஒண்ண புதுசாக்கி விட்டிருக்காவ. ஒனக்குப் பிடிச்சது. வா."

அது நாங்கள் கல்லூரி நாட்களில் நாலு முறையோ ஐந்து முறையோ பார்த்த கறுப்பு வெள்ளைப் படம். வேலை போன ஒருவன் அதை வீட்டில் சொல்லாமல் தினமும் காலையில் சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பி, ரயில் நிலையத்தில் போய் உட்கார்ந்திருப்பான். பெண்சாதி தினமும் தூக்குவாளியில் சோறு கட்டிக் கொடுப்பாள். அவ்வளவுதான் கதை. தியேட்டரில் நாற்பது பேர் இருந்தால் அதிகம். பெரும்பாலும் எங்கள் வயதுதான். எழுத்து ஓட ஆரம்பித்ததுமே அவள் சீட்டின் நுனிக்கு வந்துவிட்டாள். இருட்டிலும் அவள் முகம் பளிச்சென்று தெரிந்தது. அவள் அப்படி உட்கார்ந்து பார்த்து வருடக்கணக்காகியிருந்தது. பார்த்தாயா, நல்ல படம் என்றால் இவளும் உயிர்த்துக்கொள்கிறாள், கோளாறு சினிமாவில்தான் என்று எனக்குள் ஒரே கர்வம்.

இடைவேளை முடிந்து கால் மணி நேரம் இருக்கும். ரயில் நிலைய பெஞ்சில் கதாநாயகன் உட்கார்ந்திருக்கிறான். கடலை விற்கிறவன் பக்கத்தில் வந்து வாயைக் கிண்டுகிற காட்சி. சட்டென்று சத்தம் நின்றுவிட்டது. படம் ஓடுகிறது, வாய் அசைகிறது, ஒரு ஒலி இல்லை. நாலைந்து விசில் பறந்தது. பின்னாலிருந்து, "யோவ், சவுண்டு! சவுண்டு!" என்று சத்தம் போட்டார்கள். ஒருவர் நாற்காலியைத் தட்டினார். எனக்கு முன்னால் இருந்தவர் எழுந்து நின்று ஆபரேட்டர் அறையைப் பார்த்துக் கையை ஆட்டினார். நானும், "இதக்கூட ஒழுங்கா ஓட்ட முடியாதா?" என்று கத்திவிட்டு, அவளிடம் சொல்லத் திரும்பினேன்.

அவள் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவள் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. கடலைக்காரன் வசனம் அது. அவன் தலையைச் சொறிந்துவிட்டு, தினமும் எந்த ரயிலுக்குத்தான் காத்திருக்கிறீர் என்று கேட்கிற இடம் வந்தது. தியேட்டரே கூச்சல் போட்டுக்கொண்டிருக்க, அவள் ஒருத்தி மட்டும் சரியான நேரத்தில், சத்தமாக, வாய்விட்டுச் சிரித்தாள்.

அடுத்த காட்சி வீடு. பெண்சாதி தூக்குவாளியை நீட்டி ஏதோ சொல்கிறாள். இவளும் கூடவே சொன்னாள். முன்னால் நின்றவர் மறைத்ததும் எரிச்சலாகத் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். அவர் ஏன் நிற்கிறார் என்று அவளுக்குத் தெரியவில்லை. சத்தம் திரும்பி வர நாலைந்து நிமிடம் ஆனது. வந்ததும் எல்லாரும் கைதட்டினார்கள். அவள் திரும்பி மற்றவர்கள் கைதட்டுவதைப் பார்த்தாள். அவளும் கைதட்டினாள்.

மீதிப் படத்தை நான் பார்க்கவில்லை. கண் திரையில் இருந்தது, அவ்வளவே.

வெளியே வந்து பாலத்தில் ஏறினோம். சட்டப்படி பேசக் கூடாது. எத்தனையோ வருடமாக நான் சிரமப்பட்டுக் காப்பாற்றிய சட்டத்தை அன்றைக்குத்தான் ஒரு சிரமமும் இல்லாமல் காப்பாற்றினேன். கீழே ஆற்றில் ஆகாயத்தாமரை அடைத்துக் கிடந்தது. பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு உரசிப் போயின. ஒரு லாரிக்காரன் எங்களுக்குப் பின்னால் வந்து காது கிழிய அடித்தான். நான் துள்ளி ஒதுங்கினேன். நான் ஒதுங்கியதைப் பார்த்துவிட்டு அவளும் ஒதுங்கினாள்.

அப்போதுதான் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. மூன்று வருடம் இருக்கும். இதே பாலத்தைத் தாண்டி, இதே கடையில் அவள் ஒருநாள் தயங்கித் தயங்கி ஆரம்பித்தாள். "இப்ப எல்லாம் அவுக என்ன பேசுதாவன்னே எனக்குத் தெரிய மாட்டேங்குளா. ஒரு வாரமா மனசே சரியில்ல." நான் அவளை முடிக்க விட்டேனா? "எப்படித் தெரியும்? சத்தம் சேக்கவனுக்குக் காது இருந்தாத்தான?" என்று பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் பேசினேன். பழைய படத்தில் வசனம் எவ்வளவு தெளிவு, இப்போது எவ்வளவு மோசம் என்று ஒவ்வொரு படமாக எடுத்து அடுக்கினேன். அவள் அன்றைக்கு என்னிடம் தன் காதைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறாள். நான் அதை விமர்சனமாக எடுத்துக்கொண்டேன். பஸ் ஏறும்போது அவள் முகம் எப்படி இருந்தது என்று எவ்வளவு யோசித்தும் எனக்கு ஞாபகம் வரவில்லை. நான் பார்க்கவே இல்லை போலிருக்கிறது.

தியேட்டரில் இருட்டு, பேச முடியாது. பாலத்தில் சட்டம், பேசக் கூடாது. கடையில் நான், பேச விட மாட்டேன். அவள் ஒளித்து வைக்க வேண்டிய தேவையே இருந்திருக்காது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலே போதும். சினிமா செத்துப்போச்சு என்று நான் ஒப்பாரி வைத்த ஒவ்வொரு சனிக்கிழமையும் அவள் மூன்று மணி நேரம் ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்துவிட்டு, என் வாயைப் பார்ப்பதற்காக இந்த வெயிலில் பாலத்தை நடந்து தாண்டியிருக்கிறாள். எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது. நல்ல படம் வரவில்லை என்றா நான் இத்தனை வருடம் துக்கப்பட்டேன்? எனக்குச் சண்டை போட ஆள் இல்லாமல் போய்விட்டது. அது எப்போது போனதென்றுகூடத் தெரியாமல் தனியாகக் கத்திக்கொண்டிருந்திருக்கிறேன்.

கடைக்கு வந்தோம். அண்ணாச்சி என் டீயை எப்போதும்போல் பெஞ்சில் வைத்தார். அவளுக்குக் கொண்டுவந்ததை, பெஞ்சைச் சுற்றி அவள் முகத்துக்கு நேரே வந்து, அவள் பார்த்த பிறகு, கையில் கொடுத்தார். எத்தனை நாளாக இப்படிக் கொடுக்கிறார் என்று எனக்குத் தெரியாது. அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது. டீக்கடைக்காரருக்குத் தெரிந்திருக்கிறது.

"நான் மொதல்ல" என்றாள் அவள்.

எத்தனை வருடத்துக்குப் பிறகு. கண்ணெல்லாம் சிரிப்பு. அந்தப் படத்தை வரி வரியாகப் பிரித்துப் போட்டாள். கடலைக்காரன் முதல் காட்சியிலேயே ஓரமாக வந்து போகிறான், அதை நாம் அத்தனை தடவை பார்த்தும் கவனிக்கவில்லை என்றாள். கடைசிப் பாட்டு தேவையே இல்லை, வெட்டி எறிந்திருக்க வேண்டும் என்றாள். பிறகு தூக்குவாளிக்கு வந்தாள்.

"அவளுக்கு மொத நாளே தெரியும்ளா. வேல போயிட்டுன்னு. நல்லாத் தெரியும். தெரியும்னு ஒரு வார்த்த சொல்லிட்டான்னு வச்சுக்க, மறுநாள் காலையில அவன் எங்க கெளம்பிப் போவான்? வீட்ல மொடங்கிருவான். அதான் வாயத் தொறக்காம கட்டிக் கட்டிக் குடுக்கா. நாம அவளப் போயி ஏமாளின்னு நெனச்சோம்."

நான் அவள் சொல்வதை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அவளை முழுசாகப் பேச விட்டேன்.

"என்னளா, வாயவே தொறக்க மாட்டேங்க? நான் சொன்னது தப்பா?" என்றாள்.

தலையை ஆட்டினேன். அவள் முகத்தைப் பார்த்து என்னால் கேட்க முடியாது என்று தெரிந்தது. கேட்காமல் விடவும் முடியவில்லை. ஒரு விஷயம் மனதில் பட்டால் உடனே கொட்டிவிடுகிற புத்தி அன்றைக்கும் என்னை விடவில்லை. ரோட்டின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மேலப்பாளையம் பஸ் பாலத்தில் வந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்தபடி, என் சாதாரணக் குரலில் கேட்டேன்.

"ஒனக்குக் காது கேக்கலன்னு எங்கிட்ட ஏம்ட்டி முழுசாச் சொல்லல? நான் அவ்வளவு மோசமானவளா?"

அவள் டீயை ஊதிக் குடித்தாள். நான் வாய் மூடியதை ஓரக்கண்ணால் பார்த்திருப்பாள். இதமாகச் சொன்னாள்.

"எனக்கும் அப்படித்தான் தோணிச்சு."

அண்ணாச்சி அடுப்பருகே நின்று என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு, பொங்கப்போகிற பாலை இறக்கக் குனிந்துகொண்டார்.